ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கிறார்கள்: வீட்டு வரைபட அனுமதியை யாரிடம் கேட்பது?

குளத்துக்கரை_82

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பஞ்சாயத்தைப் பக்கத்து நகராட்சியோடு இணைத்துவிட்டார்கள். வீடு கட்ட இணையத்தில் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பஞ்சாயத்தில் கேட்டால் நகராட்சிக்குப் போகச் சொல்கிறார்கள். நகராட்சியில் கேட்டால் உங்கள் ஊர் எங்கள் எல்லைக்குள் வரவில்லை என்கிறார்கள். வரைபட அனுமதி இல்லாமல் வங்கி கடன் தராது. விடுமுறை முடிவதற்குள் அஸ்திவாரமாவது போட்டுவிட்டு மஸ்கட் திரும்ப வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

தக்கலைச்_சந்தை

எந்த வட்டம் என்றும், அது கிராம ஊராட்சியா பேரூராட்சியா என்றும் முதலில் சொல்லுங்கள் அண்ணா. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 95 கிராம ஊராட்சிகள் உள்ளன. 2022 தேர்தலின்போது 51 பேரூராட்சிகளும் இருந்தன. இரண்டையும் நாம் பஞ்சாயத்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இரண்டுக்கும் சட்டம், துறை, வரி எல்லாமே வேறு.

பொறியாளர்_குமரி

இதற்கு எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், அதாவது விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே உறுதியளித்து விண்ணப்பித்தால் கட்டணத்தைச் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே அதற்குத் தனி வழி இருக்கிறது. இதை விட்டுவிட்டு எல்லோரும் ஏன் பழைய வழியிலேயே போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

மலையோரத்தான்

விண்ணப்பம் திரும்பியதற்கு இணைப்பு காரணமாக இருக்காது. தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் பல கிராமங்கள், ஹாக்கா என்று நாம் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளன. அதன் தடையின்மைச் சான்று இல்லையென்றால் எந்த உள்ளாட்சியும் கையெழுத்திடாது. என் மைத்துனருக்கும் இதுவே நடந்தது.

மூத்த_எழுத்தர்

இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது; பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிஞ்சும். தம்பி, "இணைத்துவிட்டார்கள்" என்று எதைப் பார்த்து எழுதுகிறீர்கள்? அரசாணையின் எண்ணையும் தேதியையும் கொடுங்கள். விண்ணப்பம் எந்தக் குறிப்போடு திரும்பியது என்பதையும் அப்படியே தாருங்கள். இவை இல்லாமல் ஆளுக்கொரு சோதிடம் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

குளத்துக்கரை_82

மன்னிக்கவும் ஐயா. கல்குளம் வட்டம், கிராம ஊராட்சி. ஊர்ப் பெயரைப் பொதுவில் போட விரும்பவில்லை. அரசாணை எதையும் நான் பார்க்கவில்லை. நாளிதழில் வந்த பட்டியலில் எங்கள் ஊரின் பெயர் இருந்தது. திரும்பிய குறிப்பு: "நகராட்சியுடன் இணைக்கப்பட உள்ளதால் பரிசீலிக்க இயலவில்லை." மனை 8 சென்ட், கட்டுவது 1,400 சதுர அடி. ஹாக்கா பட்டியலில் எங்கள் கிராமம் இல்லை, விசாரித்துவிட்டேன்.

தக்கலைச்_சந்தை

அப்படியானால் பொறியாளர் சொன்ன வழி அடைபட்டுவிடுகிறது. சுயசான்று முறைக்கு மனை 2,500 சதுர அடிக்குள்ளும் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும் இருக்க வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று வைத்தால் 8 சென்ட் ஏறத்தாழ 3,485 சதுர அடி ஆகிறது. ஐந்தே முக்கால் சென்டைத் தொடும்போதே அந்த வரம்பு முடிந்துவிடும்.

பொறியாளர்_குமரி

மனையைப் பிரித்து, ஒரு பகுதியைத் தாயார் பெயருக்குத் தானமாக எழுதிவிட்டால் வரம்புக்குள் வந்துவிடுமே?

தக்கலைச்_சந்தை

விடுமுறை முடிவதற்குள் பத்திரப் பதிவு, உட்பிரிவு, பட்டா மாற்றம் ஆகிய மூன்றையும் முடித்துத் தருபவரை உங்களுக்குத் தெரியும் என்றால் எனக்கும் அறிமுகப்படுத்துங்கள்.

மூத்த_எழுத்தர்

இப்போது விடை தெளிவாகிறது. "இணைக்கப்பட உள்ளதால்" என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இணைக்கப்பட்டது என்று எழுதவில்லை. அரசு முதலில் தன் உத்தேசத்தை அறிவித்து ஆட்சேபங்களைக் கேட்கும். அவற்றைப் பரிசீலித்த பிறகுதான், எந்த நாள் முதல் எல்லை மாறுகிறது என்பதைக் குறிப்பிட்டு இறுதி அறிவிக்கை வெளியிடும். அந்த நாள் வரும்வரை உங்கள் ஊர் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் கீழ்தான் இருக்கிறது. அனுமதி தரும் பொறுப்பும் ஊராட்சிக்கே உரியது. நகராட்சி உங்களைத் திருப்பி அனுப்பியது சரி. தவறு ஊராட்சிப் பக்கம் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் கிராம ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, அவற்றின் அதிகாரம் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போனது. ஆகவே ஊராட்சி அலுவலக மேசையில் நின்று கேட்பதால் ஒன்றும் ஆகாது. ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, இறுதி அறிவிக்கை வந்திருந்தால் அதன் நகலைத் தாருங்கள், வரவில்லையென்றால் விண்ணப்பத்தைப் பரிசீலியுங்கள் என்று கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

நெய்யாறு_வாசி

இணைந்த பிறகு வரும் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சியில் வீட்டு வரி ஆண்டுக்கு ஒருமுறை. நகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. வீடு கட்டாமல் மனையாகக் கிடந்தால் காலிமனை வரியும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் கட்டும் நிலவரி, எங்கள் விளவங்கோட்டுப் பெரியவர்கள் இன்றும் கரம் என்று சொல்வது, வருவாய்த் துறைக்குரியது என்பதால் மாறாது; பட்டாவும் வட்டாட்சியரிடமே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிப் பழகிய ஊரக வேலைத் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. இணைந்த மறுநாளே எங்கள் ஊர்ப் பெண்கள் அதை இழப்பார்கள். இதற்காகவே நான் எல்லா இணைப்புகளையும் எதிர்க்கிறேன்.

லீட்ஸிலிருந்து_தோவாளையான்

எதிர்ப்பதற்கு முன் மற்ற நாடுகளையும் பார்க்கலாம். இங்கே இங்கிலாந்தில், வடக்கு யார்க்‌ஷயரில் 2023 ஏப்ரல் 1 அன்று ஒரு கவுன்டி மன்றத்தையும் ஏழு மாவட்ட மன்றங்களையும் கலைத்து ஒரே மன்றமாக்கினார்கள். அதற்கு முன் குப்பை அள்ளுவது ஒரு மன்றம், சாலை போடுவது இன்னொரு மன்றம். இப்போது கேட்க வேண்டிய இடம் ஒன்றே. நண்பரின் சிக்கலும் அடுக்குகள் பல இருப்பதால் வந்ததுதானே?

நெய்யாறு_வாசி

இரண்டும் ஒன்றல்ல. அங்கே மேலே இருந்த இரண்டு அடுக்குகள்தாம் ஒன்றாயின. கீழே உள்ள பாரிஷ் மன்றங்கள் அப்படியே இருக்கின்றன. இங்கே மறைவது கீழ் அடுக்கு. கிராம ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என மூன்று இடங்களுக்கு வாக்களித்தவர் இனி ஒரு நகராட்சி உறுப்பினருக்கு மட்டுமே வாக்களிப்பார். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையும் போய்விடும்.

லீட்ஸிலிருந்து_தோவாளையான்

நகரங்களுக்கு ஏரியா சபையும் வார்டு குழுவும் உண்டு. 2022-இல் விதிகளே வந்துவிட்டன. வேலைத் திட்டமும் நகர்ப்புறத்துக்கென்று தனியாகத் தொடங்கப்பட்டது.

நெய்யாறு_வாசி

அது சில இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. உங்கள் ஊர் ஏரியா சபையில் கடைசியாக என்ன தீர்மானம் போட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மூத்த_எழுத்தர்

அன்பர்கள் இருவரும் தனி இழை தொடங்கலாம். எல்லை மாற்றம் நமக்குப் புதிதல்ல. 2004-இல் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக்கி, 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாக்கினார்கள். ஏழுதேசமும் கொல்லங்கோடும் சேர்ந்து நகராட்சியானதையும் பார்த்தோம். பலகை மாறும்போது கோப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கவனிப்பவர் தப்பிக்கிறார். கேட்டவரின் தேவையும் அதுதான்.

தக்கலைச்_சந்தை

ஐயா, ஊராட்சி அனுமதி கொடுத்து, கட்டி முடிப்பதற்குள் இணைப்பு வந்துவிட்டால் அந்த அனுமதி செல்லுமா? வங்கி இதைக் கேட்கும்.

மூத்த_எழுத்தர்

முறையாக வழங்கிய அனுமதி அதன் காலம் முடியும்வரை செல்லும். பழைய அமைப்பின் பொறுப்புகளைப் புதிய அமைப்பு ஏற்றுக்கொள்கிறது. வரி விதிப்பது மட்டும் நகராட்சியின் கைக்குப் போகும். அனுமதி ஆணையில் தேதியும் எண்ணும் தெளிவாக இருக்கட்டும்.

குளத்துக்கரை_82

ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். இறுதி அறிவிக்கை வரவில்லை என்று ஒப்புக்கொண்டு, மீண்டும் பதிவேற்றச் சொன்னார்கள். பதிவேற்றிவிட்டேன், பரிசீலனையில் இருப்பதாகக் காட்டுகிறது. அனைவருக்கும் நன்றி. நாளை விமானம்.

பொறியாளர்_குமரி

கட்டணம் எவ்வளவு வந்தது, வீட்டு வரைபடத்தை யார் வரைந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

தக்கலைச்_சந்தை

அஸ்திவாரம் போட்டுவிட்டீர்களா அண்ணா? அனுமதி வருவதற்கு முன் போட்டிருந்தால் அதை இங்கே எழுத வேண்டாம்.