மரணசாசனப் பொறுப்பும் ஒரு பழைய கடனும்: வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. சட்டத்தரணிகள், மத்தியஸ்த சபையில் இருந்தவர்கள் யாராவது உதவுங்கள்.

காலமான என் பெரியப்பாவின் மரணசாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அவருக்கு வரவேண்டிய கடன்களைச் சேர்த்து வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது என் சட்டக் கடமை. அதில் ஒன்று, திருகோணமலைத் திருக்கடலூரில் படகு இயந்திரத்துக்காகக் கணவனும் மனைவியும் கையொப்பமிட்டு வாங்கியது. கணவர் இப்போது இல்லை. அந்த அக்கா கருவாடு விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்.

எழுத்து மூலமான கடனுக்கு வழக்குத் தொடர இலங்கையின் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆறு ஆண்டுகள்தான் தருகிறது. வைகாசியோடு அது முடிகிறது. சும்மா இருந்தால் கனடாவில் உள்ள அண்ணன் கணக்குக் கேட்பார். கேட்பதில் பிழையும் இல்லை. என் பணமென்றால் சீட்டை அன்றே கிழித்திருப்பேன். அடுத்தவர் பணத்தில் தருமம் செய்ய எனக்கு என்ன உரிமை? (பெரியப்பா ஒருநாளும் வட்டி கேட்டதில்லை. அதைச் சாசனத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம், மனிதர்!)

அக்கா கடனை ஒப்புக்கொண்டு புதிதாக எழுதித் தந்தால், ஆறு ஆண்டுகள் மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படுமா? மத்தியஸ்த சபையில் சிறு தவணைக்கு இணங்கினால் என் கடமை நிறைவேறியதாகுமா? அல்லது அந்தக் கடனை என் பங்கில் கழித்துக்கொள்ள மற்ற வாரிசுகளின் எழுத்துச் சம்மதம் வேண்டுமா?

திருகோணமலையில் நிதானமாகப் பேசும் சட்டத்தரணி தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். அந்தக் குடும்பம் எதுவென்று இங்கே ஊகிக்க வேண்டாம்.