இண்டெக்ஸ் மேலாண்மைத் திரையை நீட்டியவர்கள், சோதித்தவர்கள்: உங்களுக்கு நடந்தது என்ன?

பின்முனை:
எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் ஏலியஸை (தேடல் தரவு இருக்கும் இண்டெக்ஸைச் சுட்டும் மாற்றுப்பெயர்) பழைய இண்டெக்ஸிலிருந்து புதியதற்கு மாற்றுவது இங்கே எல்லோரும் செய்கிற வேலைதான். முன்பு நான் இருந்த ஒரு இணையக் கடையில் அதை நிர்வாகத் திரையிலேயே ஒரு பட்டனாகச் சேர்த்தார்கள். டெஸ்ட் எல்லாம் பச்சை. இரவில் பட்டனை அழுத்தினால் 'முடிந்தது' என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் வாடிக்கையாளர் சேவையிலிருந்து போன், கடையில் சரக்கையே காணோம், எதைத் தேடினாலும் நாலு புடவையும் ஒரு மிக்ஸியும்தான் வருகிறது, விலைவாரியாக வரிசைப்படுத்தினால் பிழை என்று. இண்டெக்ஸ் பட்டியலைத் திறந்தால், ஏலியஸ் இருக்க வேண்டிய பெயரில் ஒரு நிஜமான இண்டெக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. அந்த வரியை இன்றும் மறக்க முடியவில்லை.

பட்டனுக்குப் பின்னால் இரண்டு அழைப்புகள்: பழையதிலிருந்து ஏலியஸை எடு, அப்புறம் புதியதில் போடு. அந்த இடைவெளியில் சரக்கு இருப்பை எழுதும் ஜாப் ஓடியிருக்கிறது. அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றதும் எலாஸ்டிக்சர்ச் தானே ஒரு இண்டெக்ஸை உருவாக்கிவிட்டது. அதே பெயரில் இண்டெக்ஸ் இருந்தால் ஏலியஸ் போட முடியாது, ஆக இரண்டாவது அழைப்பு பிழையோடு திரும்பியது. திரை முதல் பதிலை மட்டும்தான் பார்த்தது. விலை மேற்கோள் குறிக்குள் வந்ததால் தானாக உருவான மேப்பிங் (எந்தப் புலம் எந்த வகை என்ற வரையறை) அதை எண்ணாக இல்லாமல் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டது, அதனால்தான் வரிசைப்படுத்தலும் போனது. டெஸ்டில் இருந்ததோ மாக் கிளையண்ட், நிஜ எலாஸ்டிக்சர்ச்சுக்குப் பதிலாக நிற்கும் போலி, எதைக் கேட்டாலும் சரி என்று தலையாட்டும்.

சோதனைக்காரி:
எங்கள் ஆபீஸில் ரீஇண்டெக்ஸ் பட்டன், அதாவது ஒரு இண்டெக்ஸில் இருப்பதை எல்லாம் புது இண்டெக்ஸுக்கு நகலெடுப்பது. டெவலப்பர்கள் பத்து டாக்குமெண்ட் போட்டுச் சோதிப்பார்கள், நொடியில் முடியும். நிஜ டேட்டாவில் முன்னால் இருக்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் 60 நொடியில் இணைப்பை அறுத்துவிடும், திரையில் சிவப்பாக 'தோல்வி' வரும். ஆனால் உள்ளே வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாவம், உள்ளடக்கக் குழுவில் இருந்த அம்மா தோல்வி என்று நம்பி மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நேர முத்திரையோடு ஒரு புது இண்டெக்ஸ். டாஸ்க் பட்டியலைப் பார்த்தால் ஒரே வேலை வரிசையாக நிற்கிறது, டிஸ்க் 95 விழுக்காட்டைத் தாண்டி, அந்த நோடில் (கிளஸ்டரின் ஒரு சர்வர்) ஷார்டு, அதாவது தன் தரவின் ஒரு துண்டு, வைத்திருந்த இண்டெக்ஸ் எல்லாம் எழுத முடியாமல் பூட்டிக்கொண்டன. வேலை முடியும்வரை காத்திருக்காமல் டாஸ்க் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, அதன் நிலையைத் திரையில் காட்டியிருந்தால் அவர் ஏன் திரும்ப அழுத்தப்போகிறார்? கடைசியில் பழி அவர் மேல் விழுந்தது, எனக்கு இப்போதும் அது ஆறவில்லை.

பழைய சோலர்:
பின்முனை சொல்வதில் பாதிதான் சரி. மாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. எடுப்பதையும் போடுவதையும் ஒரே ஏலியஸ் அழைப்பில் இரண்டு செயல்களாக அனுப்பினால் நடுவில் இடைவெளியே கிடையாது, இது ஆவணத்திலேயே இருக்கிறது. அதோடு எழுதும் ஜாப்பில் 'ரிக்வயர் ஏலியஸ்' போடுங்கள், எலாஸ்டிக்சர்ச் 7.10 பதிப்பு முதல் உண்டு, அந்தப் பெயர் ஏலியஸாக இல்லையென்றால் எழுத்து மறுக்கப்படும். தானாக இண்டெக்ஸ் உருவாவதையும் குறிப்பிட்ட பெயர்களுக்கு மட்டும் என்று கிளஸ்டர் அமைப்பில் சுருக்கலாம். உங்களுக்கு வந்த அந்தப் போலி இண்டெக்ஸையும் தனியாக அழித்துவிட்டு ஓடியிருக்க வேண்டாம், ஏலியஸ் அழைப்புக்குள்ளேயே 'ரிமூவ் இண்டெக்ஸ்' என்ற செயல் இருக்கிறது, அழிப்பதும் ஏலியஸ் போடுவதும் ஒன்றாக நடக்கும். அப்புறம், திரை எழுதும் கணக்குக்கும் படிக்கும் கணக்குக்கும் அனுமதியைப் பிரித்துக் கொடுங்கள், நீக்கும் அனுமதி மூன்றாவது கணக்குக்கு மட்டும் இருக்கட்டும்.

என் கதை சின்னது. ஒரு இடத்தில் வடிகட்டும் பெட்டியில் நட்சத்திரக் குறியோடு தட்டியது அப்படியே நீக்கும் அழைப்புக்குப் போனது. 8.0-வில்தான் நட்சத்திரம் போட்டு அழிப்பது இயல்பாகவே தடுக்கப்பட்டது, இது அதற்கு முந்தைய காலம். பட்டியல் மேலிருந்து கீழாகக் காலியாவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்முனை:
நண்பரே, எழுதும் ஜாப் வேறு குழுவுடையது, அவர்கள் கோடில் நான் எப்படி 'ரிக்வயர் ஏலியஸ்' போடுவது? ஒரே அழைப்பு என்பது சரி, மறுக்கவில்லை. ஆனால் நிஜ எலாஸ்டிக்சர்ச்சை கண்டெய்னரில் (டெஸ்டுக்காகத் தனியாக ஏற்றி இறக்கும் சூழல்) ஏற்றி, பின்னால் ஒரு எழுத்தை ஓடவிட்டு பட்டனை அழுத்தும் ஒரே ஒரு டெஸ்ட் இருந்திருந்தால் அன்றைக்கு முன்பே பிடிபட்டிருக்க வாய்ப்பு உண்டு. மாக்கால் இதைப் பிடிக்கவே முடியாது.

வைகைக்கரை:
என்னுடையது வேறு ரகம். தமிழ்க் கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் தேடலுக்கு, அனலைசர் உரையைத் தேடலுக்கான டோக்கன்களாக எப்படி வெட்டுகிறது என்று காட்டும் பகுதியை மேலாண்மைத் திரையில் சேர்த்தோம். 'கொடி' என்று தேடினால் பாதிக் கட்டுரைகள் வரவில்லை. கட்டுரையிலிருந்து எடுத்த சொல்லையும் தட்டச்சு செய்ததையும் அருகருகே போட்டால் இரண்டு டோக்கனும் கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் பொருந்தவில்லை என்று திரை சொல்கிறது! யாரும் நம்பவில்லை, திரையில்தான் கோளாறு என்றார்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கட்டுரைகளில் ஒகரக் குறி ஒற்றைக் குறியாக இல்லாமல், எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருந்தன. ஒவ்வொரு டோக்கனுக்கும் கீழே யூனிகோட் எண்களைக் காட்டிய பிறகுதான் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் ஐசியூ நார்மலைசர் சேர்த்துத் தீர்ந்தது. தமிழில் தேடல் செய்பவர்கள் டெஸ்ட் டேட்டாவில் இந்த இரண்டு வடிவத்தையும் கட்டாயம் வையுங்கள்.

பின்முனை:
நார்மலைசரைச் சேர்த்தால் பழைய கட்டுரைகளுக்கும் தானாகவே சரியாகிவிடுமா?

வைகைக்கரை:
ஆகாது. அவற்றின் டோக்கன்கள் ஏற்கெனவே எழுதப்பட்டவை. புது இண்டெக்ஸ் உருவாக்கி முழுக்க ரீஇண்டெக்ஸ் செய்தோம்.

சோதனைக்காரி:
கண்டெய்னர் டெஸ்ட் எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று. எழுதிய டாக்குமெண்ட், புது எழுத்துகளைத் தேடலுக்குத் திறந்துவிடும் ரிஃப்ரெஷ் ஆன பிறகுதான் தேடலில் வரும், இயல்பு இடைவெளி ஒரு நொடி. அதற்காக டெஸ்டில் இரண்டு நொடி தூங்க வைக்காதீர்கள், சுமையான மெஷினில் ஒருநாள் ஓடும் ஒருநாள் விழும். எழுதும் அழைப்பிலேயே ரிஃப்ரெஷுக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள்.