பழைய அமைப்பில் மறுவெளியீடாக வந்த கிட்டார் வைத்திருப்பவர்களே, உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒரு பொழுதைச் சொல்லுங்கள்

நெடுவழி எழுதியது:

என்னிடம் இருப்பது 1939-ஆம் ஆண்டின் அமைப்பைப் பின்பற்றி மீண்டும் செய்யப்பட்ட, மார்ட்டின் நிறுவனத்தின் டி-18 கிட்டார். அடிராண்டாக் ஸ்ப்ரூஸ் மர மேற்பலகை, மகோகனி மர உடல், மேற்பலகையின் அடியில் அதைத் தாங்கும், செதுக்கி மெலிவாக்கிய உட்சட்டங்கள், விலங்குத் தோலில் காய்ச்சிய வச்சிரப் பசை என்று எல்லாமே இங்கு எழுதுபவர்கள் அறிந்தவை என்பதால் விளக்கத் தேவையில்லை. வாங்கிய நாள் முதல் அதன் மீது எனக்குள்ள பற்று சற்றும் குறையவில்லை. ஆனால் ஒரு மாலைப்பொழுது என்னை விடாமல் தொடர்கிறது.

1941-இல் செய்யப்பட்ட அசல் டி-18 ஒன்றை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்க என் கிட்டாரையும் எடுத்துச் சென்றிருந்தேன். அவருடையது என் முழங்காலுக்கு ஒரு கை தூரத்தில் ஸ்டாண்டில் நின்றது. இரண்டையும் ஒரே சுருதிக்குச் சேர்த்து வைத்திருந்தோம். நான் ஜி கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டைப் பிடித்துக் கட்டைவிரலின் சதைப்பகுதியால் ஆறு தந்திகளையும் ஒருமுறை மெல்ல வருடினேன். என் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத ஒலி அது. விரலை எடுத்த பின்னும் நின்றது. அடியில் ஒரு கார்வை, மூடிய அறைக்குள் யாரோ தொடர்ந்து முனகுவது போல், நீண்டுகொண்டே போனது. என் கிட்டார் அன்றுதான் வாய் திறந்தது என்று உள்ளம் நிறைந்துபோனேன்.

பெரியவர் எழுந்து வந்தார். தம் கிட்டாரின் தந்திகள் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, "இப்போது வாசியுங்கள் தம்பி" என்றார்.

அதே கார்டு, அதே விரல், அதே அழுத்தம். ஒலி சுருங்கிவிட்டது. நான் கேட்ட கார்வையில் ஒரு பெரும்பங்கு அவருடைய கிட்டார் என்னுடையதற்குக் கொடுத்த மறுமொழி. ஒன்று அதிர்ந்தால் அருகில் அதே சுருதியில் இருப்பதும் அதிரும் என்று ஒத்ததிர்வைப் பள்ளியில் படித்திருக்கிறோம், சரிதான். ஆனாலும் அந்த உள்ளங்கை தந்திகளில் படிந்த கணம் மனத்தில் அப்படியே நிற்கிறது. நான் விரும்பும் ஒலியில் என்னுடையது எவ்வளவு என்று அன்று முதல் யோசிக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

இளவேனில் எழுதியது:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது. என்னுடையது 1942-ஆம் ஆண்டின் அமைப்பில் வந்த கிப்ஸன் ஜே-45. தலைப்பகுதியில் அந்தப் பட்டைவடிவ வாசகம் உண்டு. கிப்ஸன் தவிர வேறெதுவும் போதாது என்ற பொருளில் 1942 முதல் 1945 வரை மட்டும் வந்த வாசகம் அது. ஆண்கள் பலர் போருக்குப் போய்விட்ட அந்த ஆண்டுகளில், அமெரிக்காவின் கலமசூ நகர ஆலையில் பெரும்பாலும் பெண்களே இருந்து செய்த கிட்டார்கள் அவை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது.

என் மகளுக்குத் தாழ்ந்த, மெல்லிய குரல். அவள் பாடும்போது நான் வாசித்த எந்தக் கிட்டாரும் அவள் குரலை மூடிவிடும் என்பதால், வலக்கையை அடக்கி அடக்கியே பழகியிருந்தேன். ஜே-45 வந்த முதல் வாரம், ஒரு பாடலின் இரண்டாம் சரணத்தில், அவள் சொல்லுக்குச் சொல் நடுவே மூச்சு எடுப்பது என் காதில் விழுந்தது. நான் வழக்கம்போல் அடக்கி வாசிக்கவில்லை. கை முழு வலிமையோடுதான் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடியும் 'தும்' என்று தடிப்பாக எழுந்து, உடனே விலகி, அவளுக்கு இடம் விட்டது. அவள் பாட்டை நிறுத்திவிட்டு, "அப்பா, இன்றைக்கு என் குரல் எனக்கே கேட்கிறது" என்றாள்.

ஆகவே நெடுவழி அவர்களே, கார்வை நீளமாக நிற்பதுதான் நல்ல கிட்டாருக்கு அடையாளம் என்று நீங்கள் கொண்டுவிட்டதாகத் தோன்றுகிறது. ஜே-45-இன் தந்தி நீளம் 24¾ அங்குலம், உங்களுடையது 25.4 அங்குலம். அதே சுருதிக்குக் குட்டையான தந்தியில் இறுக்கம் குறைவு. தோள் சரிந்த உடல் வேறு. என் கிட்டாரை அந்தப் பெரியவரின் அறைக்குக் கொண்டுவந்து அவர் தந்திகளை அடைத்திருந்தால், நான் அதை இழப்பாகவே உணர்ந்திருக்க மாட்டேன்.

தனிமரம் எழுதியது:

இருவரும் உணர்ச்சி மேலிட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றை யாரும் தொடவில்லை.

என் அனுபவம் சிறியது. கிட்டார் செய்யும் நண்பரின் பணிமேசையில் இரண்டு ஸ்ப்ரூஸ் பலகைகள் கிடந்தன. ஒன்று வெளிர்நிறம், மற்றொன்று வெப்பப் பதம் செய்யப்பட்டு, தேன்நிறத்தையும் தாண்டிப் பழுப்பேறியது. ஒவ்வொன்றையும் ஒரு மூலைக்கு அருகே இரு விரல்களால் பிடித்துத் தொங்கவிட்டு முட்டியால் தட்டச் சொன்னார். முதலாவது பலகையாக ஒலித்தது. இரண்டாவது, சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, மணியாக ஒலித்தது. அவர் அதை என் கையிலிருந்து வாங்கி ஓரத்தில் ஒரு சிம்பை நகத்தால் நெம்பினார். சிம்பு வளையவே இல்லை, பொட்டென்று ஒடிந்தது. அந்த மணியொலியும் அந்த ஒடிவும் ஒன்றாகத்தான் என் நினைவில் நிற்கின்றன.

மறுவெளியீட்டுக் கிட்டார்களில் பலவற்றின் மேற்பலகை இப்படிப் பதம் செய்யப்பட்டதுதான். ஆக்சிஜன் அற்ற சூழலில் மரத்தை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வைக்கிறார்கள். மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது, பிசின் இறுகுகிறது, பலகை சற்று எடை குறைகிறது, அதன்பின் ஈரத்தை முன்போல் உறிஞ்சுவதில்லை. 1990-களில் ஃபின்லாந்தில் கட்டடப் பலகைகளுக்காக வளர்த்தெடுக்கப்பட்ட வழி இது. மார்ட்டின் 2015-இல் இதன் ஒரு வடிவத்தைத் தன் கிட்டார்களில் கொண்டுவந்தது. நல்ல வழி என்றே நானும் சொல்கிறேன். ஆனால் இதைப் 'பழமை' என்று அழைப்பதை மறுக்கிறேன். பெரியவரின் 1941 கிட்டார் எண்பது ஆண்டுகளாக, மெல்லிய தந்தித் தொகுதியென்றாலும் ஏறத்தாழ 70 கிலோ இழுப்பைத் தாங்கி நின்றிருக்கிறது. அந்த இழுப்பில், தந்திகளை மேற்பலகையில் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை மெல்ல வயிறு வைத்திருக்கும். லாக்கர் பூச்சு சுருங்கித் தேய்ந்து மரத்தோடு ஒட்டிப்போயிருக்கும். மூட்டுகள் ஒருமுறையாவது பிரித்துச் சேர்க்கப்பட்டிருக்கும். இவற்றில் எதையும் சூளை செய்து தராது.

இன்னொன்றும் உண்டு. 1941-இல் செய்த எல்லாக் கிட்டாரும் இன்று நம் கைக்கு வருவதில்லை. சாதாரணமாக ஒலித்தவை கவனிப்பாரின்றி அழிந்தன. சிறந்தவற்றைத்தான் மூன்று தலைமுறை காப்பாற்றியது. பெட்டியிலிருந்து நேற்று எடுத்த ஒரு கிட்டாரை, எண்பது ஆண்டுச் சல்லடையில் தங்கிய ஒன்றோடு ஒப்பிட்டு நெடுவழி மனம் வருந்துவது சரியான கணக்கு அல்ல.

வேழம் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய அமைப்பில் வந்த கிட்டாரின் கழுத்து பின்புறம் லேசாக முனை கூடியிருந்தது. பலரும் வி வடிவம் என்கிறார்களே, அதுதான். கடையில் இருந்த அரை மணி நேரமும் என் கட்டைவிரல் அந்த முனையில் இடறிக்கொண்டே இருந்தது, எனவே வேண்டாம் என்று திருப்பி வைத்தேன். வெளியே வரும்போது உள்ளங்கையில் நெடுக ஒரு கோடு பதிந்திருந்தது. ஐந்தாண்டாக வேறு கிட்டார் வாசிக்கிறேன். எஃப் கார்டு பிடிக்கும்போதெல்லாம் கட்டைவிரல் அந்த முனையைத் தேடுகிறது. அந்தக் கழுத்தில் எஃப் வலிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவே இல்லை.

தென்கரை எழுதியது:

பழைய அமைப்பில் வந்த கிட்டார் என்னிடமும் இருந்தது. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கு தேவையில்லை, பிழை என்னுடையது. வறண்ட பருவத்தில் எட்டு நாள் அதைப் பெட்டிக்குள் வைக்காமல் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வெளியூர் போனேன். திரும்பி வந்து துடைக்கும்போது, பிரிட்ஜுக்குக் கீழே என் நகம் ஒரு கோட்டில் தட்டியது. கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்துக்குத் தெரிந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது கீழ்விளிம்பு வரை ஒரு மயிரிழை ஓடியிருந்தது.

இதைப் படிப்பவர்கள் சிலவற்றைத் தயவுசெய்து கவனத்தில் கொள்ள வேண்டும். அறையின் ஈரப்பதம் 45-இலிருந்து 55 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். பெட்டிக்குள் ஓர் ஈரமானி வையுங்கள். தனிமரம் சொன்னபடி பதம் செய்த மேற்பலகை ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும் என்பது உண்மையே, ஆனால் அதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது. ஏனென்றால் பின்பலகை, விலாப்பலகை, விரற்பலகை ஆகியவை பெரும்பாலும் பதம் செய்யப்படாத மரங்கள். வறட்சி தொடங்கினால் விரற்பலகை சுருங்கி, அதன் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளின் முனைகள் விளிம்பில் துருத்திக் கையைக் கீறும். மேற்பலகை தாழ்ந்து தந்திகள் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். ஈரம் மிகுந்தால் மேற்பலகை உப்பித் தந்திகள் உயர்ந்து நிற்கும். விரல் நோகிறது என்று உடனே தந்திகள் அமரும் எலும்புத் துண்டான சேடிலைத் தேய்க்காதீர்கள். பருவம் மாறியதும் தந்தி தானே இறங்கும். தேய்த்த எலும்பு திரும்ப வளராது.

அடுத்து, கழுத்தின் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1930-களின் பிற்பாதி மார்ட்டின் அமைப்பில் இருப்பது ஆங்கில T எழுத்து வடிவ எஃகுப் பட்டை. அதைத் திருக முடியாது. அந்த நிறுவனம், கழுத்தின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடுக்கு 1985-இல்தான் வந்தது. பழைய அமைப்பை அப்படியே பின்பற்றும் கிட்டாரில் சாவி போட இடம் தேடி உட்துளைக்குள் துழாவியவர்களை நான் அறிவேன். அவற்றில் கழுத்தின் வளைவைத் தீர்மானிப்பது பெரிதும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் தந்தியின் பருமன்தான். மிக மெல்லிய தந்தி 0.013 அங்குலமாக உள்ள தொகுதி ஏறத்தாழ 84 கிலோ இழுக்கும், 0.012 தொகுதி அதைவிடச் சுமார் 10 கிலோ குறைவு. செதுக்கிய உட்சட்டங்கள் உள்ள கிட்டாருக்கு 0.013 தொகுதிக்கும் மேற்பட்ட கனத்த தந்தி வேண்டவே வேண்டாம். மார்ட்டின் 1944-இன் பிற்பகுதியில் சட்டங்களைச் செதுக்குவதை நிறுத்தியதற்கே கனத்த தந்திகளின் இழுப்பைக் காரணமாகச் சொல்வார்கள்.

ஸ்டாண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் சில வகை ரப்பரோடும் வினைலோடும் வினைபுரிந்து இளகும். வாரக்கணக்கில் சாய்த்து வைத்தால் கழுத்தின் பின்புறம் பிசுபிசுத்துத் தழும்பாகிவிடும். பருத்தித் துணியைச் சுற்றி வையுங்கள், அல்லது பெட்டிக்குள் வையுங்கள். என் கிட்டாருக்குப் பெட்டி அந்த எட்டு நாளும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

இளவேனில் எழுதியது:

தென்கரை அவர்கள் சொன்னதில் ஒரு திருத்தம்: திருக முடியாத பட்டை எல்லா மறுவெளியீட்டுக்கும் பொருந்தாது. போர்க்கால ஜே-45-களில் பல, உலோகத் தட்டுப்பாட்டால் ட்ரஸ் ராட் இல்லாமலே வந்தன. என்னுடைய மறுவெளியீட்டில் அது உண்டு; அந்த ஓர் இடத்தில் பழமையை விட்டுக்கொடுத்ததற்கு நான் நன்றியே சொல்வேன். தனிமரம் அவர்களுக்கு: சூளை பழமையைத் தராது என்பது சரி. ஆனால் 1942-இல் ஒருவர் ஜே-45-ஐப் புதிதாக வாங்கி மடியில் வைத்தபோது அதுவும் புதியதாகத்தானே இருந்தது? எனக்கு வேண்டியிருந்தது அந்த முதல் நாளின் கிட்டார்.

நெடுவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தென்கரை அவர்களின் பதிவைப் படித்த அன்றே ஸ்டாண்டில் துணி சுற்றிவிட்டேன். தனிமரம் சொன்ன சல்லடைக் கணக்கை ஏற்கிறேன். இளவேனில் சொன்னதுதான் என்னை மீண்டும் பெரியவரிடம் போக வைத்தது. கார்வையைத் தவிர வேறெதையும் நான் அன்று கேட்கவில்லை என்பது உண்மை.

இம்முறை இடத்தை மாற்றிக் கேட்டேன். என் கிட்டார் ஸ்டாண்டில், அவருடையது அவர் மடியில். என் விரல் நுனிகளை என்னுடைய மேற்பலகையின் மீது, பிரிட்ஜுக்குப் பக்கத்தில், படும் படாமல் வைத்துக்கொண்டேன். அவர் முதலில் தனித்தனித் தந்திகளாக மீட்டினார். நான்காம் தந்தியின் டி-க்கு என் விரலடியில் ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். ஐந்தாம் தந்தியின் ஏ-க்கு ஓர் எறும்பு ஊர்வது போன்ற அதிர்வு. ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டின் ஜி-யை அவர் தொட்டதும் பலகை முழுவதும் விரலுக்கடியில் எழுந்தது. என் மூன்றாம் தந்தி தானாக நடுங்கி மங்கலாகத் தெரிந்தது.

பிறகு அவர் அதே ஜி கார்டை வருடினார். அறை முன்போலவே நிறைந்தது. நான் உள்ளங்கையை விரித்து என் தந்திகள் மேல் வைத்தேன். அவருடைய 1941-இன் ஒலி சுருங்கியது. அன்று என்னுடையது சுருங்கிய அளவுக்கு இல்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சுருங்கியது. அவர் வாசிப்பதை நிறுத்தி என் கையைப் பார்த்தார். "எடுங்கள் தம்பி" என்றார், "அப்படியே இருக்கட்டும்." அதன்பின் ஒரு மணி நேரம் வாசித்தார்; என்னுடையது ஸ்டாண்டிலேயே நின்றது.