நியூட்டன் வளையம்: மையம் இருட்டாக இல்லை, வளையத்துக்கு வளையம் லென்ஸின் வளைவு ஆரம் மாறுகிறது. உதவி தேவை

கேட்பவர்: இரண்டாமாண்டு மாணவன்

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். பிராக்டிக்கல் தேர்வு நெருங்கிவிட்டது. நியூட்டன் வளையம் (தட்டையான கண்ணாடித் தட்டின் மேல் குவிலென்ஸை வைத்தால் இடையிலுள்ள காற்றால் தெரியும் இருள், ஒளி வளையங்கள்) வைத்து லென்ஸின் வளைவு ஆரம் காணும் சோதனையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சோடியம் விளக்கு, 45 டிகிரியில் கண்ணாடித் தகடு, டிராவலிங் மைக்ரோஸ்கோப் (திருகால் நகர்த்தி அளக்கும் நுண்ணோக்கி), எல்லாம் வழக்கமான அமைப்புதான். வளையங்கள் நல்ல கூர்மையாகத் தெரிகின்றன. ஆனால் மையத்தில் கரும்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் வெளிச்சம்தான் இருக்கிறது. அதனால் முதலில் வரும் கரு வளையத்தை 1 என்று வைத்து எண்ணினேன். விட்டங்கள், செ.மீ.யில்:

4ஆம் வளையம்: 0.207
8ஆம் வளையம்: 0.303
12ஆம் வளையம்: 0.375
16ஆம் வளையம்: 0.436
20ஆம் வளையம்: 0.489

விட்டத்தின் வர்க்கத்தை, 4 × வளைய எண் × அலைநீளம் (5893 ஆங்ஸ்ட்ராம்) என்பதால் வகுத்தால் வளைவு ஆரம் முறையே 45.4, 48.7, 49.7, 50.4, 50.7 செ.மீ. என்று ஏறிக்கொண்டே போகிறது. லென்ஸ் பெட்டியில் ஃபோக்கல் லெங்த் 100 செ.மீ. என்று எழுதியிருக்கிறது. அடுத்த மேசையில் அதே 100 எழுதிய லென்ஸுக்கு ஆரம் 104 வந்திருக்கிறது. "ரீடிங்கைக் கொஞ்சம் மாற்றி 100 பக்கத்தில் கொண்டுவந்துவிடு" என்கிறான் நண்பன். எங்கே தப்பு?

பதில்: முதுகலை மாணவி

தம்பி, முதலில் மையத்தைப் பார்ப்போம். லென்ஸின் அடிப்பரப்பில், கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில் எதிரொளிக்கும் ஒளிக்குக் கட்ட மாற்றம் கிடையாது. கீழே தட்டில், காற்றிலிருந்து கண்ணாடிக்குப் போகும் இடத்தில் எதிரொளிக்கும் ஒளிக்கு அரை அலைநீளம் மாறுகிறது. இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் பாதை வித்தியாசம் இல்லை, அந்த அரை அலைநீளம் மட்டும்தான் மிச்சம். அதனால்தான் மையம் இருட்டு.

உனக்கு வெளிச்சம் என்றால் இரண்டும் தொடவில்லை. பெரும்பாலும் நடுவில் தூசு. கால் அலைநீளம் இடைவெளி, அதாவது சுமார் 0.15 மைக்ரான் இருந்தாலே மையம் பளிச்சென்று ஆகிவிடும். ஒரு தூசுத் துகள் அதைவிடப் பல மடங்கு பெரியது.

உறுதி செய்துகொள்ள வேண்டுமென்றால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே லென்ஸின் விளிம்பை மிக மெதுவாக அழுத்து. மையத்திலிருந்து புது வளையம் கிளம்பி வெளியே விரிந்தால் இடைவெளி குறைகிறது என்று அர்த்தம். பிறகு லென்ஸையும் தட்டையும் ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணியால் துடை. அழுத்தி வைத்துக்கொண்டே ரீடிங் எடுக்காதே, கண்ணாடி வளைந்து ஆரமே மாறிவிடும்.

கேட்பவர்

அழுத்திப் பார்த்தேன் அக்கா, வளையம் வெளியேதான் விரிகிறது. இரண்டு முறை துடைத்தும் மையம் முழுதாக இருட்டவில்லை. இந்த லென்ஸை வைத்தே தேர்வில் செய்யச் சொன்னால்?

பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

தாராளமாகச் செய்யலாம் தம்பி. உங்கள் ரீடிங் ஒன்றிலும் குறை இல்லை, அதை முதலில் மனதில் வையுங்கள். ஒற்றை வளையத்துக்கான சூத்திரம் இந்த இடத்தில் பொருந்தாது, அவ்வளவுதான். மையத்தில் இடைவெளி இருந்தால் ஒவ்வொரு விட்ட வர்க்கத்திலிருந்தும் ஒரே அளவு கழிந்துவிடும். சின்ன வளையத்துக்கு அந்தக் கழிவு பெரிய பங்கு, பெரிய வளையத்துக்குச் சின்னப் பங்கு. 45.4 இலிருந்து 50.7 வரை மெல்ல ஏறுவது அதனால்தான்.

எனவே இரண்டு வளையங்களின் விட்ட வர்க்கங்களைக் கழியுங்கள், அந்தப் பொதுக் கழிவு காணாமல் போய்விடும். 8 வளைய இடைவெளிக்கு உங்கள் எண்களையே போடுகிறேன்:

12 − 4: 0.1406 − 0.0428 = 0.0978
16 − 8: 0.1901 − 0.0918 = 0.0983
20 − 12: 0.2391 − 0.1406 = 0.0985

சராசரி 0.0982 சதுர செ.மீ. இதை 4 × 8 × 0.00005893 ஆல் வகுத்தால் 52.1 செ.மீ. மூன்று வித்தியாசங்களும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றன பாருங்கள். மாணவர் கையில் டிராவலிங் மைக்ரோஸ்கோப் இதைவிட நன்றாகத் தராது. இந்த ரீடிங்கையா மாற்றப் போகிறீர்கள்? ஓர் எண்ணைக்கூடத் தொடாதீர்கள்.

இனி அந்த 100. ஃபோக்கல் லெங்த் வேறு, வளைவு ஆரம் வேறு. ஒரு பக்கம் தட்டையான பிளானோ கான்வெக்ஸ் லென்ஸில், ஆரத்தை (ஒளிவிலகல் எண் − 1) ஆல் வகுத்தால் ஃபோக்கல் லெங்த். கிரவுன் கண்ணாடிக்கு 1.52 என்று வையுங்கள்: 52.1 ÷ 0.52 = 100.2. இருபக்கமும் ஒரே அளவு குவிந்த லென்ஸாக இருந்தால் அதே 100 செ.மீ. ஃபோக்கல் லெங்த்துக்கு ஆரம் 104 வரும். அடுத்த மேசையில் இருப்பது அந்த வகையாக இருக்கலாம். லென்ஸை டியூப் லைட்டுக்குக் கீழே காட்டி இரு முகத்திலும் பிரதிபலிப்பைப் பாருங்கள். தட்டை முகத்தில் பிம்பம் கண்ணாடியில் தெரிவது போல இயல்பான அளவில் இருக்கும், குவிந்த முகத்தில் சிறுத்துத் தெரியும்.

கேட்பவர்

பார்த்துவிட்டேன் சார், ஒரு பக்கம் தட்டைதான்! அடுத்த மேசை லென்ஸ் இரு பக்கமும் குவிந்திருக்கிறது.

இன்னொரு சந்தேகம். கிராஸ்வயர் (மைக்ரோஸ்கோப்பில் தெரியும் குறுக்குக் கோடு) சரியாக வளையங்களின் மையம் வழியாகப் போனதா என்று உறுதியாகத் தெரியவில்லை. கொஞ்சம் மேலே தள்ளிப் போயிருந்தால் விட்டத்துக்குப் பதில் நாண்தானே அளந்திருப்பேன்?

பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

நல்ல கேள்வி. மையத்திலிருந்து விலகிய தூரம் எல்லா வளையத்துக்கும் ஒன்றே. நாணின் வர்க்கம் என்பது விட்ட வர்க்கத்திலிருந்து அந்தத் தூர வர்க்கத்தின் 4 மடங்கைக் கழித்தது. அதுவும் பொதுக் கழிவு என்பதால் வித்தியாசத்தில் அடிபட்டுப் போகும். ஆனால் பேக்லாஷ், அதாவது திசை மாற்றும்போது திருகின் தளர்வால் வரும் பிழை, அப்படி அடிபடாது. இடது 20இல் தொடங்கி வலது 20 வரை திருகை ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள். ஒரு வளையம் தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பாமல் மறுபடி முதலிலிருந்து எடுங்கள்.

பதில்: முதுகலை மாணவி

வரைபடமும் போட்டுவிடு தம்பி. வளைய எண்ணுக்கு எதிராக விட்ட வர்க்கம். உன் புள்ளிகளுக்குச் சாய்வு 0.01227 வருகிறது, அதை 4 × அலைநீளத்தால் வகுத்தாலும் 52.1தான். கோட்டை வலிந்து ஆதியில் சேர்க்காதே. அது கிடை அச்சை 0.5 பக்கத்தில் வெட்டும். மையம் வெளிச்சமாக இருப்பதற்குப் பொருத்தமான இடம் அதுதான், வைவாவில் கேட்டால் வரைபடத்தையே காட்டு. தூசு எவ்வளவு உயரம் என்று கேட்டால், இதிலிருந்து சொல்ல முடியாது என்று சொல். எத்தனை முழு அலைநீளம் உள்ளே போனது என்பது இந்த வரைபடத்துக்குத் தெரியாது.

கேட்பவர்

வரைந்துவிட்டேன் அக்கா, 0.52இல் வெட்டுகிறது. ரெக்கார்டில் "மையம் வெளிச்சம், வித்தியாச முறையில் ஆரம் 52.1 செ.மீ.; பிளானோ கான்வெக்ஸ்" என்று எழுதி, பழைய ரீடிங்கை அப்படியே வைத்திருக்கிறேன். நண்பனுக்கும் காட்டினேன். அவனும் இப்போது அவன் விட்டங்களை வித்தியாச முறையில் திரும்பக் கணக்குப் போடுகிறான். சாருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி.