கார் பெயின்டில வட்ட வட்டமாக் கீறல், மெசின் இல்லாமல் கையால எடுக்கலாமோ? அவசரம்

கிளிநொச்சிப்_பொடியன்:
வணக்கம் அண்ணைமார். கார் வெயிலில நிக்கேக்க பொனற்றில சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக் கீறல் தெரியுது. நிழலுக்க விட்டால் ஒண்டும் தெரியாது. இடப்பக்கக் கதவில ஒரு நீட்டுக் கீறலும் இருக்கு. பொலிஷ் மெசின் இல்லை, கையாலதான் செய்யோணும். என்ன வாங்கிறது, எப்பிடிப் போடுறது எண்டு ஆராவது கெதியாச் சொல்லுங்கோ. வாற ஞாயிறு அக்கான்ர கலியாணம். பொம்பிளையை ஏத்திக்கொண்டு போறது இந்தக் காரிலதான்.

வவுனிக்குளத்தான்:
தம்பி, என்ன கார், என்ன கலர், எத்தினையாம் ஆண்டு? கொம்பனிப் பெயின்டோ, பிறகு ஆரும் அடிச்சதோ? நீட்டுக் கீறலில நகத்தை வச்சுக் குறுக்கால இழுத்தால் மாட்டுதோ? இது தெரியாமல் ஆர் சொன்னாலும் அது குருட்டாம்போக்குத்தான்.

ஏ9_ஓட்டி:
பற்பசை போடுங்கோ. வெள்ளைப் பசை, ஜெல் வேண்டாம். ஈரத் துணியில தொட்டுத் தேய்ச்சால் போயிடும். என்ர வானுக்கு அதுதான் செய்யிறனான்.

மல்லாவி_டிங்கர்:
பற்பசையில இருக்கிற அரவை பல்லுக்கு அளவானது. ரெண்டு மூண்டு மெல்லிய கீறலை மங்கப் பண்ணும், அவ்வளவுதான். நான் சொல்லுறது 2000 வாட்டர் பேப்பர், தண்ணி போட்டுத் தேய்க்கிற நைசான உப்புத்தாள். சோப்புத் தண்ணியில ஊற வச்சு மெல்லமா இழுத்துப்போட்டு கொம்பவுண்ட், அதுதான் தேய்ச்சு மினுக்கிற அரவைப் பசை, போட்டால் கண்ணாடியா வரும். இருவது வருசமா இதுதான் என்ர தொழில்.

முல்லை_மோட்டார்:
இந்தக் கேள்வி இஞ்ச எத்தினை தரம் வந்திட்டுது. தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. வந்த உடனை 'அவசரம்' எண்டு போடுறது. முதல்ல கிளியர் கோட் எண்டால் என்ன எண்டு படியுங்கோ தம்பி. மேல இருக்கிற அந்த நிறமில்லாத படை பொதுவா 40, 50 மைக்ரோன்தான். ஒரு மைக்ரோன் எண்டால் மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சதில ஒரு பங்கு. நீங்கள் பார்க்கிற வட்டக் கீறல் முழுக்க அந்தப் படைக்குள்ளதான் கிடக்கு. அதை 'எடுக்கிறது' எண்டால், கீறலைச் சுத்தியிருக்கிற கிளியரைக் கீறலின்ர அடிமட்டம் வரைக்கும் தேய்ச்சு இறக்கிறது. திரும்பத் திரும்பச் செய்ய ஏலாது. டிங்கர், மெசின் இல்லாத பொடியனிட்டை 2000 பேப்பரைக் குடுக்கிறீங்களே, பேப்பர் போட்ட மங்கலைக் கையால ஆர் திருப்பி மினுக்கிறது?

மல்லாவி_டிங்கர்:
நான் மினுக்குவன்.

முல்லை_மோட்டார்:
நீங்கள் மினுக்குவியள். அவர் மினுக்க மாட்டார். அதுதான் கதை.

கிளிநொச்சிப்_பொடியன்:
மன்னிக்கோணும், வேலையில நிண்டனான். கறுப்பு. டொயோட்டா விட்ஸ். வவுனியாவில ஒராளிட்டை வாங்கினது, வாங்கேக்கையே இந்த வட்டம் இருந்தது. நீட்டுக் கீறல் உள்ளுக்க ஒழுங்கையில நாயுண்ணிப் பத்தை பட்டது, நுனியில மட்டும் நகம் மாட்டுது. பேசாமல் முழுசாப் பெயின்ட் அடிச்சால் என்ன?

வவுனிக்குளத்தான்:
முழுசா அடிக்கிற கதையை விடுங்கோ. 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் வாகனத்துக்கு 2025 மாசியிலதான் திருப்பித் திறந்தவங்கள். அந்த இடைக்குள்ள பழைய காருக்கு வந்த விலை உங்களுக்குத் தெரியும். வாங்க வாறவன் முதல்ல கேக்கிறது 'ஒறிஜினல் பெயின்டோ' எண்டுதான். கலியாணத்துக்காக அதைக் குழப்பாதேங்கோ.

மாங்குளம்_ரீச்சர்:
தம்பி, என்ர காரும் கறுப்புத்தான். பள்ளிக்கூடத்துக்குக் கிறவல் ரோட்டாலதான் போய்வாறனான், மெசின் இல்லாமல் நானே செய்தது. செய்தபடி சொல்லுறன், ஆறுதலா வாசியுங்கோ.

முதல்ல கழுவுறது. ரெண்டு வாளி வையுங்கோ, ஒண்டில சோப்புத் தண்ணி, மற்றதில வெறுந்தண்ணி. துணியைக் காரில போட்டு இழுத்த பிறகு வெறுந்தண்ணிக்க அலசிப்போட்டுத்தான் திரும்பச் சோப்புக்க விடோணும். இல்லாட்டி அந்தக் கிறவல் தூசியாலயே புதுசா வட்டம் போடுவியள். கழுவின பிறகு கையைப் பொலித்தீன் பைக்குள்ள விட்டுப் பெயின்டைத் தடவிப் பாருங்கோ. நெறுநெறு எண்டு இருந்தால் கிளே பார், அதுதான் ஒட்டின அழுக்கை எடுக்கிற களி மாதிரிக் கட்டி, வாங்கி, சோப்புத் தண்ணி அடிச்சு அடிச்சு அழுத்தாமல் மெல்லமா வழுக்கி இழுத்து எடுக்கலாம். அது நிலத்தில விழுந்தால் எறிஞ்சு போடுங்கோ, திருப்பிப் பாவிக்கக் கூடாது.

பிறகு நிழலுக்க விட்டு, தகரம் தொட்டால் குளிரும் வரை பொறுங்கோ. கறுப்புப் பிளாஸ்ரிக் விளிம்புகளுக்கு மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கோ, கொம்பவுண்ட் பட்டால் வெள்ளை வெள்ளையா நிக்கும். எடுத்த எடுப்பில கடும் கொம்பவுண்ட் வேண்டாம், மெல்லிய பொலிஷில தொடங்குங்கோ. அது காணாட்டித்தான் மற்றது. பொனற்றில ஒரு மூலையில, ஒண்டரை அடிச் சதுரத்துக்கு மேல போகாமல், ஸ்பொஞ்சில விரல் நுனியளவு எடுத்து, நல்லா அழுத்தி முதல்ல நெடுக்க, பிறகு குறுக்க. கையால செய்யேக்க நாலைஞ்சு தரம் இழுத்திட்டு விடுறதுதான் எல்லாரும் விடுற பிழை. பசை மெலிஞ்சு, பெயின்ட் அதுக்குள்ளால தெரியுமட்டும் தேய்க்கோணும். தோள் உழையும். நான் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் செய்தது.

துடைச்சுப்போட்டு உடனை சந்தோசப்படாதேங்கோ. சில பொலிஷில எண்ணெய், மெழுகு கலந்திருக்கும், அது கீறலை நிரப்பி மறைக்கும். ரெண்டு மூண்டு தரம் கழுவத் திரும்பி வந்திடும். பாமசியில சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கிப் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து துடைச்சுப்போட்டு, போன் ரோர்ச்சைச் சரிவாப் பிடிச்சுப் பாருங்கோ. அப்ப தெரியிறதுதான் உண்மை. கடைசியா வாக்ஸ்.

நகம் மாட்டிற நுனியைத் தேய்க்காதேங்கோ. அது ஆழம். கதவைத் திறக்க நடுத்தூணில, இல்லாட்டி எஞ்சின் பக்கம் ஒரு தகடு இருக்கும், அதில கலர் இலக்கம் பாருங்கோ. டொயோட்டாவில 202 எண்டால் சாதாக் கறுப்பு, 209 எண்டால் மினுக்கம் கலந்த கறுப்பு. ரெண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்தாது. அந்த இலக்கத்தைச் சொல்லி ரச்சப், அதுதான் கீறலுக்குத் தொட்டு விடுற பெயின்ட், வாங்கி, மெல்லிய தூரிகையால கீறலுக்குள்ள மட்டும் தொட்டு விடுங்கோ.

வவுனிக்குளத்தான்:
இதுக்கு மேல சொல்ல ஒண்டும் இல்லை ரீச்சர்.

முல்லை_மோட்டார்:
ஒண்டு இருக்கு. தேய்க்கேக்க துணியில கறுப்பு ஏறுதோ எண்டு பார்க்கோணும். ஏறினால் அதில கிளியர் கோட் இல்லை, நேராக் கலரைத்தான் தேய்க்கிறியள் எண்டு அர்த்தம். கதவு விளிம்பு, பொனற் மடிப்பு, அந்த இடங்களில பெயின்ட் மெல்லிசு, அழுத்தவே கூடாது. ரீச்சர் இதை விட்டிட்டா.

ஏ9_ஓட்டி:
இவ்வளவும் எதுக்கு? இரணைமடு வாய்க்காலுக்க இறக்கி நல்லாக் கழுவிப்போட்டு வாக்ஸ் போட்டால் காணும். கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு, காய்ஞ்சால் வெள்ளைப் புள்ளி. வாய்க்கால் தண்ணி நல்ல தண்ணி.

பரந்தன்_வயல்:
வாய்க்காலுக்க காரை இறக்காதேங்கோ. கனகராயன் ஆத்தை மறிச்சுக் கட்டின குளத்துத் தண்ணி அது, அதை நம்பித்தான் நாங்கள் விதைக்கிறம். நீங்கள் கழுவிற சோப்பும் கிறீசும் அடுத்த மதகால என்ர வயலுக்க வருது. வரம்பில நிண்டு பார்த்தால் தண்ணிக்கு மேல எண்ணெய் படர்ந்து கிடக்கும்.

ஏ9_ஓட்டி:
ஒரு காராலயோ வயல் அழியப் போகுது? லொறிக்காரர், உழவு மெசின்காரர் எல்லாரும் அங்கதான் கழுவினம். அவையளுக்குச் சொல்லுங்கோ.

பரந்தன்_வயல்:
அவையளுக்கும் சொல்லுறனான். ஏச்சும் வாங்கினனான். நாளைக்கும் சொல்லுவன்.

மாங்குளம்_ரீச்சர்:
பெயின்டுக்கும் அது கூடாது. திறந்துவிட்ட நேரம் வாய்க்கால் கலங்கித்தான் வரும், அதுக்குள்ள இருக்கிற நுண் மண்ணாலதான் துடைக்கிறியள். கிணத்துத் தண்ணிக்கு மருந்து கெதியாத் துடைக்கிறதுதான். காலமை வெயில் ஏற முன்னம் கழுவி, தண்ணி தானாக் காய முதல் மைக்ரோபைபர் துணியால ஒத்தி எடுங்கோ. புள்ளி விழாது.

மல்லாவி_டிங்கர்:
பத்தை பட்ட கீறலுக்கு நான் இன்னும் 2000 பேப்பர் எண்டுதான் சொல்லுறன். தம்பி, மல்லாவிப் பக்கம் வந்தால் கொண்டு வாங்கோ, காசு வேண்டாம், செய்து காட்டுறன்.

முல்லை_மோட்டார்:
தம்பி எங்க? கேட்டுப்போட்டு ஆளைக் காணேல்லை. தகட்டு இலக்கத்தையாவது பார்த்தாரோ தெரியாது.

வவுனிக்குளத்தான்:
கலியாண வீட்டில ஆயிரம் வேலை இருக்கும். விடுங்கோ.

கிளிநொச்சிப்_பொடியன்:
கலியாணம் முடிஞ்சுது. பொனற் முழுக்கவும் ஒரு பக்கக் கதவும்தான் செய்ய முடிஞ்சது. வட்டம் முக்கால்வாசி போட்டுது, வெயிலுக்க உத்துப் பார்த்தால்தான் மிச்சம் தெரியும். துணியில கறுப்பு ஏறேல்லை. தகட்டில 209. ரச்சப் இன்னும் வாங்கேல்லை. ரீச்சருக்கு நன்றி.

மாங்குளம்_ரீச்சர்:
சந்தோசம் தம்பி. மிச்சத்தை விட்டிடுங்கோ, கிளியர் கிடக்கட்டும். ரச்சப்பை மழைக்கு முதல் போடுங்கோ, அடித் தகரம் தெரிஞ்சால் துரு ஏறிடும்.

பரந்தன்_வயல்:
தம்பி, கழுவினது எங்க?