கள் புளிப்பது குவாண்டத்தால்தானா?

ஓலைப்பெட்டி:
நேற்று போட்டதையே திரும்பப் போடுகிறேன். பாதிப் பேர் படிக்காமலே சண்டைக்கு வந்துவிட்டார்கள். "நம்ம சாயல்குடிப் பக்கம் கள் புளிப்பது குவாண்டத்தால்தான். ஈஸ்ட்டின் நொதி ஹைட்ரஜனை ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அது தடுப்புச் சுவரை ஏறிக் குதிப்பதில்லை, சுவர் வழியாகவே போய்விடுகிறது." 1989இல் பெர்க்லியில் ஜூடித் கிளின்மன் குழு ஈஸ்ட்டின் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற அந்த நொதியில் இதைக் காட்டியாயிற்று. இதில் என்ன தப்பு?

வாலிநோக்கம் உப்பு:
தப்பு அந்தத் "தான்". 32 வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான், தம்பி. அந்தச் சோதனையில் நொதிக்குக் கொடுத்தது பென்சைல் ஆல்கஹால், கள்ளில் இருக்கிற எத்தனால் அல்ல. அதுவும் ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிற திசை. கலயத்தில் நடப்பது நேர் எதிர்: அசிட்டால்டிஹைடுக்கு ஹைட்ரஜனைக் கொடுத்து ஆல்கஹால் ஆக்குவது.

ஓலைப்பெட்டி:
நொதி அதேதானே சார்? பாம்பன் பாலத்தில் ராமேஸ்வரம் போகும்போது ஒரு கடல், திரும்பும்போது வேறு கடலா?

வாலிநோக்கம் உப்பு:
பாலத்தைப் பற்றி யார் கேட்டார்கள்? "தான்" பற்றிக் கேட்டேன். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். குவாண்டத்தைச் சுண்ணாம்பு நிறுத்துமோ?

ஓலைப்பெட்டி:
சுண்ணாம்பால் காரத்தன்மை ஏறினால் ஈஸ்ட் வளராது. சமையல்காரனே வராத வீட்டில் அடுப்பில் என்ன வேகும்?

கீழக்கரைக் காக்கா:
சுண்ணாம்பு என்று மொட்டையாகச் சொன்னால் எப்படி? கிளிஞ்சலா, கல்லா? கல் சுண்ணாம்பு போட்ட பதநீர் எனக்கு நாக்கிலேயே வைக்காது.

தொண்டித் துடுப்பு:
அதை விடுங்க காக்கா. கள் இறக்கத் தடை இருக்கிற மாநிலத்தில் ஓலைப்பெட்டிக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள்.

ஓலைப்பெட்டி:
தாத்தா பனையேறி. ஒரு கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்தால் போதும், இறக்கும்போதே வாய்வரை நுரை கட்டி நிற்கும், குளவி மொய்க்கும். பார்த்து வளர்ந்தவன் ஐயா நான். புத்தகத்தில் படித்து வரவில்லை.

வாலிநோக்கம் உப்பு:
தாத்தா பார்த்தது நுரை. குவாண்டத்தை அல்ல. இப்படித்தான் 2007இலும் பச்சைக் கந்தக பாக்டீரியாவை வைத்து, ஒளிச்சேர்க்கையே குவாண்டம் என்று தண்டோரா போட்டார்கள். சோதனை நடந்தது 77 கெல்வினில், அதாவது மைனஸ் 196 டிகிரியில். குவாண்டத்துக்குச் சாட்சி என்று அளவீட்டில் ஓர் அலைவைக் காட்டினார்கள்; பிற்பாடு நோண்டிப் பார்த்தால் அது பெரும்பாலும் மூலக்கூறின் அதிர்வு. அன்றைக்கும் ஒரு "தான்" போட்டார்கள்.

ஓலைப்பெட்டி:
அது ஒளியின் கதை. நான் சொல்வது ஹைட்ரஜன். சோயாவின் லிபாக்சிஜினேஸ் என்ற நொதியில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் இரட்டை எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்தால் வேகம் சுமார் 80 மடங்கு குறைகிறது, அதுவும் அறை வெப்பத்தில். சுவரேறிக் குதிக்கிற கணக்கில் 7 மடங்குக்கு மேல் வராது.

வாலிநோக்கம் உப்பு:
அது சோயா. கள்ளுக்கு வாருங்கள். நீங்கள் காட்டிய ஈஸ்ட் நொதியில் டியூட்டீரியத்தின் எண் ஏழைத் தொடவே இல்லை. மூன்று மடங்கு எடையுள்ள ஹைட்ரஜனான டிரிட்டியத்தையும் வைத்து, வேக விகிதங்களை ஒப்பிட்டு, ஒரு சிறு விலகலைக் காட்டினார்கள். சிறு விலகலுக்கு "தான்" போடுவீர்களா?

ஓலைப்பெட்டி:
விலகல் இருந்ததா, இல்லையா?

மண்டபம் மிதவை:
ஒரு சந்தேகம். அந்த ஏழு மடங்கே பிணைப்பின் சுழியநிலை ஆற்றலில், அதாவது எவ்வளவு குளிர்ந்தாலும் மிஞ்சும் அதிர்வு ஆற்றலில், உள்ள வித்தியாசத்தால் வருவதாயிற்றே. அதுவும் குவாண்டம் இல்லையா? முதலில் இரண்டு பேரும் எதைக் குவாண்டம் என்கிறீர்கள்?

வாலிநோக்கம் உப்பு:
மண்டபம், உங்களிடம் அப்புறம் வருகிறேன். ஓலைப்பெட்டி, போன வருஷம் தனுஷ்கோடியில் நத்தைகுத்தி நாரையைப் படம் பிடித்துப் பூநாரை என்று போட்டது நீங்கள்தானே? இந்தத் "தான்" சரியான "தான்".

ஓலைப்பெட்டி:
படம் மங்கல் என்று எத்தனை தடவை சொல்வது? அதே இழையில் ராபின் குருவி காந்தப்புலத்தை உணர்வது கட்டுக்கதை என்று எழுதியவர் யார்? 2021இல் அதன் கண்ணில் உள்ள கிரிப்டோக்ரோம் 4 என்ற புரதம் காந்தப்புலத்துக்கு மசிகிறது என்று நேச்சர் இதழில் வந்ததே, வாய் திறந்தீர்களா?

வாலிநோக்கம் உப்பு:
புரதத்தைப் பிரித்தெடுத்துச் சோதனைக்கூடத்தில் பார்த்தது. குருவிக்குள் அல்ல.

தொண்டித் துடுப்பு:
தூத்துக்குடியில் கனநீர், அதாவது டியூட்டீரியம் உள்ள தண்ணீர், எடுக்க ஆலை கட்டினார்களே, ஒரு குடம் வாங்கிப் பனைக்கு ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாலிநோக்கம் உப்பு:
கனநீரில் ஈஸ்ட்டே சோம்பிப் போகும். எது எதனால் என்று பிரிக்க முடியாது. இந்த இழையில் அறிவியல் பேசுகிறவன் நான் ஒருத்தன்தான்.

ஓலைப்பெட்டி:
அந்தத் "தான்" மட்டும் இருக்கலாமா சார்?

வாலிநோக்கம் உப்பு:
பேச்சை மாற்றாதீர்கள். "குவாண்டத்தால்தான்". எடுத்தாயிற்றா, இல்லையா?

கீழக்கரைக் காக்கா:
கிளிஞ்சலா கல்லா என்று கேட்டேனே.