தமிழ்க் குறுஞ்செய்தி பாதியில் அறுந்து போகிறது: உதவி தேவை

கொக்குவிலான்:
யாழ்ப்பாணத்தில் உள்ள தனியார் கல்வி நிலையமொன்றுக்காக, வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருளை எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் அனுப்பினால் முழுமையாகச் சேர்கிறது. தமிழில் அனுப்பினால் பாதியில் நின்றுவிடுகிறது. நாளை காலை வகுப்புத் தொடங்குமுன் சரிசெய்தாக வேண்டும். அவசரம்.

பனங்கூடல்:
எந்த நிரல்மொழி, செய்தியின் வாசகம் என்ன, எந்த இடத்தில் அறுகிறது? இவற்றைச் சொல்லாவிட்டால் சாத்திரம் பார்த்துத்தான் பதில் கூற வேண்டும்.

சுன்னாகத்தான்:
பிழை தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் எழுத்துகளைச் சேமிக்கும் முறை யூடிஎஃப்8 என்று இருப்பதை யூடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றுங்கள்.

முதுநிரலர்:
எல்லா நோய்க்கும் இதே மருந்தை எழுதிக் கொடுப்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள்தான். மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்8 அதைத் தாராளமாகத் தாங்கும், தாங்காதவை இமோஜி போன்ற நான்கு பைட்டுக் குறியீடுகளே. குறுஞ்செய்தியின் குறியீட்டு முறை வேறு: ஒரு செய்தி 140 பைட்டுகளை, அதாவது 1120 பிட்டுகளைக் கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட்டு என்பதால் அதில் 160 எழுத்துகள் அடங்கும், தமிழுக்குப் பதினாறு பிட்டு என்பதால் 70 மட்டுமே அடங்கும். ‘யாழ்ப்பாணம்’ கண்ணுக்கு ஆறு எழுத்து, புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) பதினொன்று. இதையெல்லாம் படித்துவிட்டு மென்பொருள் எழுதப் புறப்பட்டிருக்கலாம்.

கொக்குவிலான்:
பிஎச்பியில் எழுதினேன். வாசகம்: ‘வணக்கம். தங்கள் மகன் இன்று நடைபெற்ற கணித வகுப்பிற்குச் சமூகமளிக்கவில்லை.’ ‘சமூ’ என்பதோடு நின்று, பக்கத்தில் கேள்விக்குறியுடன் ஒரு கறுப்புக் கட்டம் வருகிறது. செய்தி நீண்டுவிடக் கூடாதென்று உரையை வெட்டும் சப்ஸ்டர் கட்டளை கொண்டு 160 இல் வெட்டுகிறேன். அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

பனங்கூடல்:
அதைத்தானே தம்பி முதலில் சொல்லியிருக்க வேண்டும்! சப்ஸ்டர் எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். ‘சமூ’ வரை 158 பைட்டுகள். அடுத்த ‘க’வின் மூன்று பைட்டுகளில் இரண்டு உள்ளே அகப்பட, ஒன்று வெளியே போய்விட்டது. கறுப்புக் கட்டம் அந்த அரைகுறைக் ‘க’தான். வெட்டும் வரியை நீக்குங்கள். ஆனால் முழு வாசகமும் 72 குறியீடுகள். 70 ஐ இரண்டால் தாண்டுவதால் இரண்டு செய்திகளாகப் பிரியும், கட்டணமும் இரண்டாகும்.

முதுநிரலர்:
‘வணக்கம்.’ என்பதை எடுத்தால் 63.

பழைய தட்டச்சாளர்:
பிள்ளை வரவில்லை என்று பெற்றோருக்கு அறிவிக்கும்போது வணக்கம்கூடச் சொல்லக் கூடாதா? குற்றம் ஒருங்குறியுடையது. தமிழ்நாட்டரசு 2010 இல் ஏற்றுக்கொண்ட டேஸ்16 என்ற, எழுத்துக்கு ஒரு குறியீடு தரும் முறையில் ‘யாழ்ப்பாணம்’ ஆறே குறியீடுகளில் அடங்கும்.

முதுநிரலர்:
அடங்கும் ஐயா, ஆனால் பெற்றோரின் கைத்தொலைபேசியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

பழைய தட்டச்சாளர்:
ஒருங்குறிக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த எங்களிடமும், ஒருங்குறியைக் காட்டி ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள்.

சுன்னாகத்தான்:
‘நடைபெற்ற’ என்பதை எடுத்தாலும் 63தான், வணக்கமும் தப்பும். தரவுத்தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொக்குவிலான்:
இரண்டையும் நீக்கினேன், முழுதாகச் சேர்ந்தது. நன்றி.

பனங்கூடல்:
எந்த இரண்டை? வெட்டும் வரியும் ‘நடைபெற்ற’வுமா, அல்லது வணக்கமும் போய்விட்டதா? பெண்பிள்ளைகளின் வீடுகளுக்கும் ‘தங்கள் மகன்’ என்றா போகிறது?